கல் கேள்வி, கல் பதில்

நான்கு மாதம் முன்பு சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிள் போட்டோம். எலுமிச்சை பிழிந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக மங்கிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சீலர் அடித்ததாகச் சொன்னார்கள். ஏமாந்துவிட்டோம் என்கிறார் என் கணவர்.

தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள் அம்மா. அது அழுக்கு இல்லை, கல் அரித்துப்போன இடம். மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு எது பட்டாலும் கரைந்து பாலிஷ் போய்விடும். சீலர் கல்லின் நுண்துளைகளில் எண்ணெயும் தண்ணீரும் இறங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அமிலத்தைத் தடுக்கிற வேலை அதனுடையது இல்லை. ஆகவே சீலர் அடித்தவர் மீது குற்றமில்லை. எலுமிச்சை பட்டால் இப்படி ஆகும் என்று விற்றவர் சொல்லியிருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

கறையா, அரிப்பா என்று பார்க்க விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். நிறம் மாறாமல் பளபளப்பு மட்டும் போயிருந்தால் அரிப்பு. லேசாக இருந்தால் மார்பிள் பாலிஷ் பவுடரில் சரியாகும். ஆழமாக இருந்தால் ஆளைக் கூப்பிட்டு இழைக்கத்தான் வேண்டும். அப்போதே மேடை முழுவதையும் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷுக்கு மாற்றச் சொல்லுங்கள். அரிப்பு அப்புறமும் வரும், ஆனால் கண்ணில் படாது.

எண்ணெய்க் கறை என்றால் கல் கருத்துத் தெரியும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கறையின் மேல் அப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு ஓரங்களை ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, பூச்சு தானாகக் காயட்டும். காயும்போதுதான் எண்ணெயை அது இழுக்கும். ஈரத்தோடு வழித்தெடுத்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களே அதிகம்.

கிரானைட்டா, குவார்ட்ஸா? எதைப் போடலாம்?

தினமும் சமைக்கிற வீட்டுக்கு என் ஓட்டு கிரானைட்டுக்குத்தான். ஆனால் கருப்பில் கவனம் தேவை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கருப்பு ஸ்லாப் வாங்கி மேடை போட்டுக் கொடுத்தேன். சில மாதத்தில் அடுப்போரம் சாம்பல் பூத்தது. சாயம் ஏற்றிய கல்! கைக்காசு போட்டு மாற்றினேன். அன்றிலிருந்து வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்துப் பார்க்காமல் கருப்புக் கல்லை வாங்குவதில்லை. துணியில் கருப்பு ஒட்டினால் அந்த ஸ்லாப் வேண்டாம். எந்தக் கல்லானாலும் கடையில் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, ராத்திரி அதன்மேல் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் விட்டு வைத்துக் காலையில் பாருங்கள். மாதிரி அட்டையில் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.

குவார்ட்ஸ் என்று விற்பது தொழிற்சாலையில் செய்த கல். எடையில் சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் தூள், மீதி ரெசின் என்கிற பிசின். கறை இறங்காது, சீலர் வேண்டாம். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அப்படியே வைத்தால் ரெசின் கருகும். அந்த வடுவைச் சரிசெய்வது கடினம். வெயில் விழுகிற இடத்தில் நிறமும் மாறும். இன்னொன்று, இதை அறுக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். கல் அறுப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்கிற அந்த நுரையீரல் நோய் வந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லுக்குத் தடையே போட்டது. உங்கள் வீட்டுக்குள் யாராவது தண்ணீர் ஊற்றாமல் மெஷினைப் போட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். எங்களுக்கும் மூச்சு வேண்டும்.

சீலர் வருடா வருடம் அடிக்க வேண்டுமா?

காலண்டரைப் பார்க்காதீர்கள், கல்லைப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால் அடிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம். நெருக்கமான கருப்புக் கல்லில் சீலர் இறங்கவே இறங்காது, மேலேயே நின்று பிசுபிசுக்கும்.