விரலால் போட்ட கையொப்பமும் 1,500 வெள்ளி அபராதமும்

கேள்வி: நான் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 15 மாதங்களுக்கு முன் கொம்தாரில் ஒரு கைப்பேசிக் கடையில், மாதம் 98 வெள்ளிக்கு (ரிங்கிட்) 24 மாத போஸ்ட்பெய்டு திட்டம் எடுத்தேன். 899 வெள்ளி கைப்பேசியை 199 வெள்ளிக்குக் கொடுத்தார்கள். "பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்று விற்றவர் சொன்னார். டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்கினார்கள்; நகல் தரவில்லை. நான்கு மாதங்களாக பில்லில் கூடுதலாக 32 வெள்ளி வருகிறது. நான் கேட்காத எஸ்எம்எஸ் சேவையாம். இரண்டு மாதம் கட்டினேன், அடுத்த இரண்டு மாதம் கோபத்தில் எதையுமே கட்டவில்லை. போன வாரம் லைனைத் துண்டித்துவிட்டார்கள். பாக்கியோடு 1,500 வெள்ளி அபராதமும் கட்டு என்று ஒரு வசூல் ஏஜெண்ட் வேலையிடத்துக்கே போன் செய்கிறார். இப்போது குடியிருக்கும் பாலிக் புலாவ் வீட்டுக்குள் லைனும் சரியாகக் கிடைப்பதில்லை. போலீஸ் வருமா? வீட்டுப் பொருளை எடுத்துப்போவார்களா?

பதில்: போலீஸ் வராது, சகோதரி. பில் பாக்கி குற்றமல்ல, சிவில் கடன். வசூல் ஏஜெண்டுக்கு உங்கள் வீட்டு நாற்காலியைத் தொடக்கூட அதிகாரம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பும், அதை நிறைவேற்றச் சொல்லும் உத்தரவும் கையில் இருந்தால்தான் நீதிமன்ற அதிகாரி பொருளைக் கைப்பற்ற முடியும். அந்த ஏஜெண்டிடம் போனில் வாதாட வேண்டாம். "விவகாரம் தகராறில் இருக்கிறது, எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அவர் அழைத்த தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்த ஒரே தவறு முழு பில்லையும் நிறுத்தியது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்துவிட்டு வருகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் 32 வெள்ளிக்கான சண்டையில் 98 வெள்ளியையும் நிறுத்தினால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். உங்கள் மாத பில் 135.88. அதில் திட்டக் கட்டணம் 98 வெள்ளி, 6 விழுக்காடு சேவை வரி 5.88, மிச்சம் 32 வெள்ளி எஸ்எம்எஸ். தகராறு இல்லாத பகுதி மாதம் 103.88, இரண்டு மாதத்துக்கு 207.76 வெள்ளி. அதை இந்த வாரமே நிறுவனத்தின் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள், ஏஜெண்டின் கையில் கொடுக்காதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டிய அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கவுண்டரில் பேசியதற்குச் சாட்சி இல்லை. எளிய மலாயில் எழுதினால் போதும். 207.76 கட்டிவிட்டேன், எஸ்எம்எஸ் கட்டணத்தை மறுக்கிறேன், எந்தத் தேதியில், எந்த எண்ணிலிருந்து நான் சம்மதித்தேன் என்ற பதிவைக் காட்டுங்கள், ஏற்கெனவே வாங்கிய 64 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள், புகார் எண் கொடுங்கள். இவ்வளவுதான். நீங்கள் சம்மதிக்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. சம்மதித்தீர்கள் என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். அந்த எஸ்எம்எஸ் சேவையின் ஐந்து இலக்க எண்ணிலிருந்து வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அதே மின்னஞ்சலில் ஒப்பந்த நகலையும் உங்களைப் பற்றிய பதிவுகளையும் கேளுங்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு சிறு கட்டணம் கேட்கலாம்.

இனி அந்தக் கையொப்பம். கடைக்காரர் டேப்லெட்டைத் திருப்பி நீட்டுகிறார். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் தெரிகிறது. நிபந்தனைகள் அதற்கு மேலே பல பக்கம், யாரும் அதை மேலே தள்ளிக் காட்டுவதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, நாம் விரலால் கிறுக்கிவிட்டு வருகிறோம். அது செல்லாத கையொப்பம் என்று நான் சொல்லமாட்டேன், செல்லும். ஆனால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், 2011 பிப்ரவரி முதல் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய தனிப் பகுதி உண்டு. நிபந்தனை பொடி எழுத்தில் இருந்ததா, பயனீட்டாளருக்கு அது புரிந்ததா, பேரம் பேச வாய்ப்பு இருந்ததா என்று அது பார்க்கச் சொல்கிறது. நியாயமில்லை என்று கண்டால் அந்த விதியைப் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றமே செல்லாது என்று அறிவிக்கலாம்.

1,500 வெள்ளிக்கு வருவோம். ஒப்பந்தத்தில் எழுதிய அபராதம் அப்படியே கட்டியாக வேண்டிய தொகை என்று நினைக்காதீர்கள். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-வது பிரிவுப்படி அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஆனால் தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு அதை எதிர்ப்பவருடையது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால்தான் நீங்கள் கணக்கோடு போக வேண்டும். கைப்பேசியில் அவர்கள் விட்டுக்கொடுத்தது 700 வெள்ளி. 24 மாதத்தில் 9 மாதம் மிச்சம், அந்தப் பங்கு 262.50 வெள்ளி. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்தால், மொத்த ஒப்பந்த விலையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது. அதோடு, வைத்துக்கொண்ட பொருளின் விலையும் அதுவரை பெற்ற பயனின் மதிப்பும் சேரும். 98 வெள்ளி வீதம் 24 மாதம் 2,352. அதில் 5 விழுக்காடு 117.60. கைப்பேசிப் பங்கான 262.50-ஐயும் இதையும் கூட்டினால் 380.10 வெள்ளி. இந்தப் பிரிவு கைப்பேசித் திட்டத்துக்குப் பொருந்தாது என்று நிறுவனம் வாதாடும். பொருந்தும் என்பது என் கருத்து. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 380.10 வெள்ளிக்கு முடித்துக்கொள்ளத் தயார் என்று எழுதி, ரத்து செய்யும் தேதியையும் அதில் குறிப்பிடுவேன்.

பாலிக் புலாவில் லைன் கிடைக்காததை முதல் வாதமாக வைக்காதீர்கள், அது பலவீனமானது. வீடு மாறியது நீங்கள். எல்லா இடத்திலும் லைன் கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று விற்றவர் சொன்னதுதான் பலமான வாதம். தவறான தகவல் சொல்லி விற்பதைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அன்று உங்களோடு கடைக்கு யாராவது வந்திருந்தால், அவர் சாட்சி சொல்லலாம்.

நிறுவனம் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், அந்தப் புகார் எண்ணோடு மலேசியத் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்திலோ, தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எம்சிஎம்சி-யிலோ முறையிடுங்கள். எஸ்எம்எஸ் கட்டண விவகாரம் பல நேரம் அங்கேயே முடிந்துவிடும். அபராத விவகாரம் முடியாவிட்டால், பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை, அதனால் உங்களுக்காக நான் வந்து நிற்க முடியாது. நிறுவனமும் வழக்கறிஞரை அனுப்ப முடியாது, அதன் முழுநேர ஊழியர்தான் வர வேண்டும். கூலி வேலை செய்கிறவரும் பெரிய நிறுவனமும் சரிசமமாக உட்காரும் இடம் இந்நாட்டில் அதிகம் இல்லை. தயங்காமல் போங்கள்.

இதில் முந்திக்கொள்வது முக்கியம். நீங்கள் முதலில் மனு போட்டால், அதே விவகாரத்தை நிறுவனம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. அவர்கள் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் நடுவர் மன்றக் கதவு மூடிவிடும். அப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்ற சம்மன் உங்கள் கைக்கு வந்தால், மேசையில் போட்டு வைக்காதீர்கள். அதில் உள்ள கெடுவுக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மனு எழுதத் தடுமாற்றமாக இருந்தால், மஸ்ஜித் நெகிரி சாலையில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம். பில்கள், 207.76 வெள்ளி ரசீது, ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல், ஏஜெண்ட் அழைத்த நேரங்களைக் குறித்த நோட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.