ஜேசிஎல்லில் டிடி பாராமீட்டர்களை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி?

ஜாவா கேட்டுச் சேர்ந்திருப்பீர்கள், மெயின்ஃப்ரேமில் தள்ளியிருப்பார்கள். சீனியர் ஒருவர் பழைய ஜாப் ஒன்றைக் கொடுத்து, "இதையே காப்பி பண்ணி டிஎஸ்என்னை மட்டும் மாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது.

ஜேசிஎல் என்பது ஒரு ஜாபை எப்படி ஓட்ட வேண்டும் என்று மெயின்ஃப்ரேமுக்குச் சொல்லும் மொழி. டிடி என்பது அதில் ஒரு கோப்பை விவரிக்கும் வரி, டிஎஸ்என் அந்தக் கோப்பின் பெயர். கோபால் புரோகிராமுக்கு உண்மையான கோப்பின் பெயர் தெரியாது. செலக்ட் வரியில் 'அசைன் டு' என்று ஒரு டிடி பெயரை மட்டும் சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இன்று எந்த டேட்டாசெட் (மெயின்ஃப்ரேமில் கோப்புக்குப் பெயர்), எந்த டிஸ்க், எவ்வளவு இடம், வேலை முடிந்ததும் அதை வைத்திருப்பதா அழிப்பதா என்பதெல்லாம் டிடியின் பொறுப்பு. டெஸ்டில் ஓடிய அதே லோடு மாட்யூல் (ஓடத் தயாரான புரோகிராம்) புரொடக்‌ஷனிலும் ஓடுவது இதனால்தான்.

மற்றதைப் பிறகு பாருங்கள், முதலில் டிஸ்ப், கோப்பின் நிலையைச் சொல்லும் பாராமீட்டர். மூன்று இடம்: இப்போது என்ன நிலை, ஒழுங்காக முடிந்தால் என்ன, அபெண்ட் ஆனால், அதாவது பாதியில் விழுந்தால் என்ன. எழுதாமல் விட்டதுதான் ஆளைக் கவிழ்க்கும். முதல் இடத்தை விட்டால் நியூ. நியூ போட்டு இரண்டாவதை விட்டால் டெலீட். மூன்றாவதை விட்டால், இரண்டாவதில் இருப்பதே அதற்கும். கேட்லாக் என்பது எந்தக் கோப்பு எந்த வால்யூமில் (டிஸ்க்கில்) இருக்கிறது என்ற பட்டியல். ஆக, (நியூ,கேட்லாக்) என்று எழுதினால், பாதியில் செத்த கோப்பையும் கேட்லாக் செய் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இதை நான் பார்த்தது ஒரு மாதக்கடைசி இரவில். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பேட்ச்சைச் சென்னையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தோம். பிரீமியம் எடுக்கும் ஜாப் இடம் போதாமல் எஸ்பி37இல் விழுந்தது. அங்கே இருந்த ஆபரேஷன்ஸ் ஆள் ஸ்பேஸைக் கூட்டி மறுபடி ஓடவிட்டார். ரிட்டர்ன் கோடு 0, அதாவது பிழை இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. விடிந்ததும் கூட்டுத்தொகை பெரிய அளவில் குறைகிறது! புரோகிராமில் பிழை என்று ஆன்சைட்டில் ஒரே கூச்சல். கான்ஃபரன்ஸ் காலில் ஆளாளுக்குக் கோபால் பாராவை வாசிக்கிறார்கள். ஜேஇஎஸ் செய்திகளை (ஜாப் ஓடியபோது சிஸ்டம் எழுதி வைப்பவை) யாரும் திறக்கவில்லை. நான் திறந்தேன், ஒரே வரிதான் இருந்தது: 'நாட் கேட்லாக்ட் 2'. அந்தப் பெயர் கேட்லாக்கில் ஏற்கெனவே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். முதல் ஓட்டத்தின் பாதிக் கோப்பு கேட்லாக்கில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் ஓட்டத்தின் முழுக் கோப்பு வேறொரு வால்யூமில் கேட்லாக் ஆகாமல் கிடக்கிறது. அடுத்த ஜாப் கேட்லாக்கைக் கேட்டு, பாதிக் கோப்பை எடுத்துப் படித்துவிட்டுப் போயிருக்கிறது. பழையதை அன்கேட்லாக் செய்து, புதியதைக் கேட்லாக் செய்து, அடுத்த ஜாபிலிருந்து ஓட்டினோம். கணக்கு சரியானது.

பிறகு அந்த ஜாபில் மூன்றாவது இடத்தில் டெலீட் எழுதினோம். முன்னால் ஐஇஎஃப்பிஆர்14 (தானாக ஒன்றும் செய்யாத புரோகிராம்) ஸ்டெப் ஒன்று, அதில் டிஸ்ப்=(மாட்,டெலீட்,டெலீட்). மாட் ஏன்? கோப்பு இருந்தால் அதை எடுக்கும், இல்லாவிட்டால் நியூ போல நடந்துகொள்ளும். இரண்டு விதத்திலும் ஜாப் விழாது. ஓல்ட் போட்டால், கோப்பு இல்லாத நாளில் அங்கேயே நின்றுவிடும். மாட் போடும்போது ஸ்பேஸும் யூனிட்டும் கொடுக்க மறக்காதீர்கள், சில நேரம் அது புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும்.

"எஸ்எம்எஸ் இருந்தால் இப்படி நடக்காதே" என்று சில பெரியவர்கள் கீழே வருவார்கள் (போன் எஸ்எம்எஸ் இல்லை, டிஸ்க் இடத்தைத் தானே நிர்வகிக்கும் சிஸ்டம் வசதி). சரிதான் ஐயா. எஸ்எம்எஸ் பார்த்துக்கொள்ளும் டேட்டாசெட் என்றால் ஒதுக்கும்போதே கேட்லாக் ஆகிவிடும், பெயர் மோதினால் ஜாப் அப்போதே விழும். நாங்கள் இருந்த இடத்தில் எல்லா வால்யூமும் அதன் கீழ் வரவில்லை, அதைத்தான் சொல்கிறேன். அந்த இரவைப் பற்றிப் பாராட்டு மெயில் வந்தது, ஆன்சைட் மேனேஜர் பெயருக்கு. அது போகட்டும். வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் நைட் ஷிப்ட் அலவன்ஸை வெட்டினார்களே, அதைத்தான் மறக்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் ராத்திரி இரண்டு மணி பகல் இரண்டு மணியாகிவிடுமா?

ஸ்பேஸுக்கு வருகிறேன். 3390 டிஸ்க்கில் ஒரு டிராக் 56,664 பைட், 15 டிராக் சேர்ந்தால் ஒரு சிலிண்டர். ஸ்பேஸில் முதல் எண் பிரைமரி, முதலில் கிடைக்கும் இடம். அடுத்தது செகண்டரி, அது தீர்ந்தால் ஒவ்வொரு தடவையும் கூடுதலாகக் கிடைப்பது. சாதாரண சீக்வென்ஷியல் கோப்புக்கு ஒரு வால்யூமில் 16 எக்ஸ்டென்ட்தான் (எக்ஸ்டென்ட் என்றால் தொடர்ச்சியான ஒரு இடத் துண்டு). பிரைமரியே துண்டு துண்டாக 5 எக்ஸ்டென்ட் வரை தின்றுவிடலாம், அதனால் 15 தடவை செகண்டரி கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். செகண்டரியே எழுதாமல் இடம் தீர்ந்தால் எஸ்டி37. எழுதியும் எக்ஸ்டென்டோ வால்யூமோ தீர்ந்தால் எஸ்பி37. கடைசியில் ஆர்எல்எஸ்ஈ போட்டால் மிச்ச இடம் திரும்பிப் போகும்.

டிசிபியில் (ரெக்கார்ட் அமைப்பைச் சொல்லும் பாராமீட்டர்) பிளாக்சைஸை, அதாவது ரெக்கார்டுகளைச் சேர்த்து எழுதும் பிளாக்கின் அளவை, நீங்கள் கணக்கிட வேண்டாம், 0 என்று விடுங்கள். ரெக்கார்ட் நீளம் 80 என்றால் சிஸ்டமே 27,920 எடுத்துக்கொள்ளும், அரை டிராக்கில் அடங்கும் மிகப் பெரிய அளவு அது. எஸ்013 அபெண்ட் வந்தால் நீளத்தையும் ரெக்கார்ட் வகையையும் புரோகிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காற்புள்ளிக்குப் பின் தெரியாமல் ஒரு இடைவெளி விட்டால், அந்த வரியில் மீதி எல்லாம் கமென்ட் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, பிழைச் செய்தியும் சில நேரம் அடுத்த வரியைக் காட்டும். இந்த மொழியை இப்படி யார் செய்தார்கள் என்று திட்டத் தோன்றும். திட்டலாம், ஐபிஎம்மின் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸே பின்னாளில் ஜேசிஎல்லைத் திட்டியவர்தான்.

சிக்கினால் டிடியைக் கமென்டில் போடுங்கள், பார்க்கிறேன். ஜேஇஎஸ் செய்திகளையும் சேர்த்துப் போடுங்கள், டிடியை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.