294409 பகா எண்ணா? சோதனைக் கருவி சொன்னதை நம்பலாமா?

“294409-ஐ 2 முதல் 13 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துவிட்டேன், எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. இணையத்தில் ஒரு சோதனைக் கருவியும் ‘பகா எண்’ என்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

வேண்டாம். அது பகு எண். 37 × 73 × 109 என்று பெருக்கிப் பாருங்கள், 294409 வந்துவிடும்.

13-ஓடு நிறுத்தியதுதான் பிழை. ஓர் எண் பகு எண் என்றால், அதன் பகாக் காரணிகளில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தே தீரும். இங்கே வர்க்கமூலம் 542-ஐச் சற்றுத் தாண்டும். அதற்குள் இருக்கும் பகா எண்கள் 100. உங்களுக்கு அத்தனையும் தேவைப்பட்டிருக்காது. இன்னும் ஆறு வகுத்தலில் 37 சிக்கியிருக்கும். பள்ளியில் 2, 3, 5, 11 என்று வகுபடும் விதிகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், எங்கே நிறுத்தலாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வதில்லை. இத்தனை வருடமாக இதுவே நடக்கிறது!

சரி, கருவி ஏன் ஏமாந்தது? அது ஃபெர்மா சோதனையோடு நின்றிருக்கும் போல. அந்தச் சோதனை பார்ப்பது இந்த மீதியைத்தான்: 2-இன் 294408-ஆம் அடுக்கை 294409-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். ஒற்றைப்படையான எந்தப் பகா எண்ணுக்கும் இப்படித்தான் வரும். ஆனால் மீதி 1 வந்தாலே பகா எண் என்று திருப்பிச் சொல்ல முடியாது. குறுக்குவழி சொல்லித்தருகிறேன் என்று காசு வாங்குபவர்கள் விழுங்கிவிடுவது இந்த இடத்தைத்தான்.

2-க்குப் பதில் 3, 5, 10 என்று மாற்றினாலும் உங்கள் எண் பிடிபடாது. 37, 73, 109 மூன்றிலும் ஒன்றைக் குறைத்தால் 36, 72, 108. இவை மூன்றுமே 294408-ஐ மீதியின்றி வகுக்கும். அதனால் அந்த மூன்று காரணிகளில் எதாலும் வகுபடாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1-தான். இப்படிப்பட்டவை கார்மைக்கேல் எண்கள். மிகச் சிறியது 561. ராமானுஜனால் பெயர்பெற்ற 1729-உம் இந்த வகைதான். பத்து லட்சத்துக்குள் மொத்தம் 43. இவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994-இல் நிரூபித்துவிட்டார்கள். அபூர்வம்தானே என்று ஒதுக்காதீர்கள், உங்கள் கையில் வந்து விழுந்திருப்பதே அதில் ஒன்று.

மற்ற வகைப்பாடுகள் சாதாரணம். வகுத்திகள் 8. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை 14911, எண்ணைவிடக் குறைவு, ஆகவே குறைவெண். இதையெல்லாம் அடுக்கி ‘எண் அறிக்கை’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பகாக் காரணிகள் தெரிந்துவிட்டால் ஐந்து நிமிடக் கணக்கு.

இந்த அளவு எண்ணுக்கு வகுத்துப் பார்ப்பதே போதும். இதைவிட மிகப் பெரியதென்றால் ஃபெர்மாவைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையைப் பல அடிகளில் (மேலே 2, 3, 5 என்று வைத்துச் சோதித்த எண்கள்தான் அடிகள்) செய்யும் கருவியைத் தேடுங்கள். அதில் எந்தப் பகு எண்ணும் கால்வாசிக்கு மேற்பட்ட அடிகளில் தப்பாது. எந்தச் சோதனை, எத்தனை அடிகள் என்று சொல்லாமல் வெறுமனே ‘பகா எண்’ என்று காட்டும் கருவியை விட்டுவிடுங்கள்.