"மழை இருட்டுது"

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாதம். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு என்றார்கள். இடது கை இன்னும் சரியாக எழவில்லை, நடக்கிறார். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேப்பர் வாசிக்கிறார், பழைய கதைகளைப் பிசகாமல் சொல்கிறார். போன கார்த்திகையில் ஒரு நாள் அம்மா குசினிக்குள் இருந்து, "இஞ்சாருங்கோ, மழை இருட்டுது, உடுப்பெல்லாம் கொடியில கிடக்கு" என்றார். விறாந்தையில் இருந்த அப்பா, "ஓம், நல்லா இருட்டுது" என்றார். அசையவில்லை. உடுப்பு நனைந்தது. இப்படித் தினமும் ஏதாவது ஒன்று. வருத்தத்தைச் சாட்டாக வைத்துச் சோம்பல் படுகிறார் என்று அம்மா அழுகிறார். வேண்டுமென்றுதான் செய்கிறாரா?

பெயர் வேண்டாம்,
உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

நான் வைத்தியர் இல்லை. மொழியின் பக்கம் நின்று பார்த்தால், வேண்டுமென்று செய்கிறார் என்று தோன்றவில்லை.

அம்மா சொன்னதைத் திரும்ப வாசியுங்கள். அதில் "எடுங்கோ" என்ற சொல்லே இல்லை. மழை பற்றி ஒரு செய்தி, உடுப்பு பற்றி ஒரு செய்தி, அவ்வளவுதான். இவள் இதை ஏன் என்னிடம் சொல்கிறாள், அவளுக்குக் கை வேலை, நான் சும்மா இருக்கிறேன் என்பதையெல்லாம் கேட்பவர்தான் போட்டு நிரப்ப வேண்டும். இத்தனை வருடமும் அப்பா அதை யோசிக்காமலே நிரப்பியிருப்பார்.

எங்கள் தெருவில் யாராவது "மான் வருது" என்று கத்தினால், மானைப் பார்க்க வரச் சொல்லவில்லை. படலையைச் சாத்து, பூங்கன்று போய்விடும் என்று அர்த்தம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு படமெடுக்க ஓடுவார்கள். அவர்களுக்கும் சொல் விளங்கியது. திருகோணமலை மான்களோடு குடித்தனம் நடத்திப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

பொருள் வெளிப்படையாகவும் வரும், குறிப்பாகவும் தோன்றும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே பிரித்துவிட்டது. அதற்கு உரைகாரர் காட்டும் உதாரணம் எனக்கு மிகப் பிடிக்கும். சோற்றில் கல்லைக் கடித்தவன் "நன்கு அட்டாய்" என்கிறான், நல்லாய்ச் சமைத்திருக்கிறாய் என்று. (அந்தக் காலத்திலும் குத்தல் குசினிப் பக்கம்தான் போயிருக்கிறது.) சொல் ஒன்று, பொருள் நேரெதிர். போல் கிரைஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1967இல் ஹார்வார்டில் ஆற்றிய விரிவுரைகளில் இதன் கணக்கை விளக்கினார். பேசுகிறவர் காரணத்தோடுதான் பேசுகிறார் என்று நம்பித்தான் கேட்பவர் விடுபட்டதை நிரப்புகிறார்.

அப்படி நிரப்பும்போது மூளையில் என்ன நடக்கிறது? நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. "இங்கே சரியான வெக்கை" என்பது மாதிரி ஒரு வசனம். பாலைவனப் படத்தோடு கேட்டால் அது வெறும் செய்தி. சன்னல் படத்தோடு கேட்டால், திற என்று அர்த்தம். ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்கு அது வேண்டுகோளாகக் கேட்டபோது, மற்றவர் மனதை ஊகிக்கும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. உடல் அசைவோடு தொடர்புள்ள பகுதிகளும் சேர்ந்துகொண்டன. ஒருவரும் எழும்பவில்லை, ஆனால் மூளை பாதி எழும்பிவிட்டது. அப்பாவுக்கு அந்தக் கார்த்திகை மாதத்தில் நடக்காமல் போனது இதுவாக இருக்கலாம்.

பெரும்பாலானோருக்குச் சொல்லும் இலக்கணமும் மூளையின் இடது பக்கத்தை நம்பியிருக்கின்றன. அங்கே அடிபட்டால் வாய் தடுமாறும், வீட்டுக்கே தெரிந்துவிடும். வலது பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு வாய் தப்பிவிடுகிறது; பகிடி, குத்தல், குரலின் ஏற்ற இறக்கம், சாடைப்பேச்சு எல்லாம் சறுக்குகின்றன. எல்லோருக்கும் இல்லை. கவனம் சிதறுவதும் இதில் கலந்திருக்கலாம். அதற்காக வலது மூளைதான் சாடைப்பேச்சின் வீடு என்று யாராவது யூடியூப்பில் சொன்னால் நம்பிவிடாதீர்கள், அது இரண்டு பக்கமும் சேர்ந்து செய்கிற வேலை.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த முறை "கொடியில கிடக்கிற உடுப்பை எடுத்து உள்ளுக்கு வையுங்கோ" என்று நேரே சொல்லிப் பாருங்கள். எழும்பினார் என்றால், சோம்பல் என்ற பேச்சை அம்மா விட்டுவிடலாம். கிளினிக் போகும்போது பேச்சுச் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "பேச்சு நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், இந்த உடுப்புக் கதையை அப்படியே சொல்லுங்கள்.

அம்மாவை நினைத்தால்தான் எனக்கு யோசனை. "தேத்தண்ணி குடிப்பீங்களோ" என்று கேட்டு, "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்ற பதிலைக் காதில் வாங்கிக்கொண்டே கேத்திலை அடுப்பில் வைக்கிற ஊர் இது. புருசனுக்கு ஒரு வேலையும் நேரே சொல்லாமலே வீட்டை நடத்தியிருப்பார். இந்த வயதில் "எடுங்கோ, வையுங்கோ" என்று வாய் வருமா? முதல் ஒன்றிரண்டு தடவை நீங்களே பக்கத்தில் நின்று சொல்லிக் காட்டுங்கள்.

அப்பா எழும்பினாரா என்று எழுதுங்கள். அம்மா சொன்னாரா என்பதையும்.