சென்னை பற்றிய என் இன்ஸ்டா பக்கத்தில் வினாடி வினா போட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆட்களை இழுக்கிற மாதிரி வினாடி வினா தயாரிப்பது எப்படி?

இந்த மாதிரிப் பக்கங்களில் வழக்கமாக வரும் ஒரு கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "சென்னை மாநகராட்சி எந்த ஆண்டு உருவானது? 1686, 1687, 1688, 1689." 1688 சரிதான். ஆனால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தெரிந்தவர் தட்டிவிட்டுப் போவார். தெரியாதவர் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார். இரண்டு பேருமே பக்கத்தில் இருப்பவரிடம் "ஏய், இது தெரியுமா உனக்கு?" என்று போனை நீட்ட மாட்டார்கள். அப்படி நீட்ட வைத்தால்தான் பக்கம் வளரும்.

பழைய சென்னையைச் சுற்றிக் காட்டும் ஒரு சின்னக் குழுவுக்கு நான்தான் கேள்வி தயாரிக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பாதி தெரிந்த விஷயத்தைக் கேளுங்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் போகிற எல்லோருக்கும் ஐஸ் ஹவுஸ் தெரியும். அது விவேகானந்தர் இல்லமாகி எத்தனையோ காலம் ஆகியும் ஆட்டோக்காரரிடம் 'ஐஸ் அவுஸ்' என்றால்தான் சட்டென்று புரிகிறது. அங்கே ஒரு காலத்தில் ஐஸ் வைத்திருந்தார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். சரி, அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது? ஊட்டி, இமயமலை, இங்கிலாந்து, அமெரிக்கா. ஊட்டியையோ இமயமலையையோ தொடத்தான் கை போகும். விடை அமெரிக்கா. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, அங்கே குளிர்காலத்தில் உறைந்து கிடந்த ஏரிகளில் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடல் தாண்டி 1840களில் இங்கே இறக்கினார். இதைப் படித்தவர் வீட்டில் யாரிடமாவது சொல்லாமல் இருக்க மாட்டார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள நினைப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் படும்போதுதான் ஆர்வம் கிளம்புகிறது என்று ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற பொருளாதார அறிஞர் 1994இல் எழுதினார். மாநகராட்சிக் கேள்வியில் அந்த இடைவெளியே இல்லை.

அடுத்தது, தவறான விடைகள். உண்மையான வேலை இங்கேதான். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து கிளம்பியது?" சென்ட்ரல், எழும்பூர், ராயபுரம் என்று வைத்தால், மூன்றுமே 'நான்தான்' என்று சொல்கிற மாதிரி இருக்கும். அந்த இடத்தில் தாம்பரத்தைச் சேர்த்தால் அது வெறும் இட நிரப்பி, ஒருவரும் ஏமாற மாட்டார்கள். விடை ராயபுரம், 1856 ஜூலை 1, வாலாஜா ரோடு வரை. விளக்கத்தில் சென்ட்ரல் 1873, எழும்பூர் கட்டடம் 1908 என்று கூடவே போட்டுவிடுங்கள். தப்பாகத் தொட்டவருக்கும் கையில் ஏதோ கிடைக்கிறது. ராயபுரத்துக்காரர்களோ விடவே மாட்டார்கள், ஏரியா வாட்ஸாப் குழு ஒன்று பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தக் கேள்வியில் 'பயணிகள்' என்று இருப்பதைக் கவனியுங்கள். வெறும் 'முதல் ரயில்' என்று எழுதினால் மாட்டினீர்கள். 1837இலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடக் கல் ஏற்றிக்கொண்டு ரயில் ஓடியிருக்கிறது. எங்கிருந்தாவது ஒரு மாமா கமெண்டில் வந்து உங்கள் சட்டையைப் பிடிப்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள்: சரியான விடையை மட்டும் நீளமாக எழுதாதீர்கள், அதை எப்போதும் மூன்றாவதாக வைக்காதீர்கள், 'மேற்கண்ட அனைத்தும்' வேண்டவே வேண்டாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் இதையெல்லாம் மோப்பம் பிடித்தே விடை சொல்லிவிடுவார்கள்.

எதில் போடுவது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். இன்ஸ்டா ஸ்டோரியில் வினாடி வினா ஸ்டிக்கர் இருக்கிறது, நாலு விடை வரை வைக்கலாம், 24 மணி நேரத்தில் காணாமல் போய்விடும். யூடியூபில் கம்யூனிட்டி பதிவாகப் போடலாம். டெலிகிராமில் 2020 முதல் வினாடி வினா முறை இருக்கிறது. விடை தொட்டவுடன் விளக்கம் வருவதால் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் விளக்கத்துக்கு 200 எழுத்துதான் இடம். தமிழில் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறுவதால், நாம் 'இரண்டு வரிதானே' என்று நினைப்பது பாதியிலேயே நின்றுவிடும். 'ஃபிரெடரிக் டியூடர்' என்று பெயரை எழுதினாலே அதில் ஒரு துண்டு போச்சு. அதனால் விளக்கத்தை முதலில் எழுதிச் சுருக்குங்கள், கேள்வியைப் பிறகு எழுதலாம். ஒரு தொகுப்புக்கு ஐந்தாறு கேள்வி போதும். முதல் கேள்வி எல்லோரும் ஜெயிக்கிற மாதிரி இருக்கட்டும்.

அறிவுக் கேள்விகளைத் தாண்டி ஓடுவது 'நீங்கள் யார்' வகை. நியூயார்க் டைம்ஸ் 2013 டிசம்பர் 21 அன்று, நீங்கள் பேசுவது அமெரிக்காவின் எந்தப் பகுதி ஆங்கிலம் என்று வரைபடத்தில் காட்டும் வினாடி வினா ஒன்றை வெளியிட்டது. ஆண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போது வந்தும், அந்த ஆண்டு அவர்களுடைய தளத்தில் அதிகம் பார்க்கப்பட்டது அதுதான். நெல்லைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் இப்படி ஒன்றைச் செய்தால் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பக்கத்துக்கு 'நீங்கள் சென்னையின் எந்த ஏரியா?' என்பது பொருந்தும். இதில் கேள்விகளுக்கு முன்னால் முடிவுகளை எழுதுங்கள், ஏனென்றால் பகிரப்படுவது முடிவுதான். "நீங்கள் தி.நகர்: கூட்டத்தைத் திட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் போகிறவர்." இப்படிச் செல்லமாக ஒரு குத்து, கூடவே கொஞ்சம் புகழ்ச்சி. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்து, 'இது உங்கள் குணம், எவ்வளவு பொருந்துகிறது?' என்று கேட்டார். சராசரியாக 5க்கு 4க்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். அதனால் துல்லியத்தைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். ஆனால் வியாசர்பாடி, காசிமேடு என்று வந்தால் உடனே 'ரவுடி' ஜோக் எழுதும் புத்தி தமிழ் இணையத்தில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அசிங்கம் என்பது ஒரு பக்கம், அந்த முடிவு வந்தவர் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைக்கவும் மாட்டார்.

முடிவைக் காட்டுவதற்கு முன்னால் போன் நம்பர் கேட்காதீர்கள். ஃபேஸ்புக்கில் ஒரு குணநல வினாடி வினாவைச் சுமார் 2,70,000 பேர் நிறுவியதிலிருந்து, 8.7 கோடி பேர் வரை விவரம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. இன்றைக்கு நம்பர் கேட்டாலே ஜனம் லோன் கம்பெனி என்று நினைத்து ஓடுகிறது. ரீசார்ஜ் பரிசும் வேண்டாம் என்பேன், பரிசுக்கு வருகிறவர் பரிசோடு போய்விடுவார். ஜெயித்தவர்கள் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, மறுநாள் ஸ்டோரியில் போடுங்கள். அதற்குத்தான் மறுபடி வருவார்கள்.

ஆகஸ்ட் 22 சென்னை தினத்தன்று எல்லாப் பக்கங்களும் ஊர் பிறந்ததாகச் சொல்லும் 1639ஐப் பிடித்துக்கொள்ளும், நடுவில் உங்கள் குரல் எடுபடாது. செப்டம்பர் 22க்கு வையுங்கள், 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்ட இரவு அது. அன்று போட்டி குறைவு.

சென்னை என்ற பெயர் சென்னப்ப நாயக்கரால் வந்ததா, சென்ன கேசவப் பெருமாள் கோயிலால் வந்ததா என்ற மாதிரி சண்டை தீராத கேள்விகளை மட்டும் வினாடி வினாவில் வைக்காதீர்கள். அவற்றைச் சரி, தப்பு இல்லாத வாக்கெடுப்பு ஸ்டிக்கரில் போடுங்கள். கமெண்டில் அவர்களே அடித்துக்கொள்வார்கள், அதிலிருந்து அடுத்த வாரத்துக்கு உங்களுக்கு இரண்டு நல்ல கேள்வி தேறும்.