எத்தனை பேர் வந்தால் ஊர் தாங்கும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கடலோரக் கிராமத்தில் தங்கும் விடுதிகள் வரப்போகின்றன. ஊர்க்கூட்டம் போட்டு, வரைபடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். எத்தனை பயணிகள் வந்தால் ஊர் தாங்கும் என்று கேட்டேன்; யாரிடமும் பதிலில்லை. அதை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கேள்விக்கு விடை தெரியும்முன் கையெழுத்து வாங்கியதே தவறு. வரைபடம் முடிந்தபின் கூட்டப்படும் கூட்டத்தில் தலையாட்டுவதைத் தவிர ஊராருக்கு வேலையில்லை.

கணக்கைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஆண்டுச் சராசரியை எடுக்காதீர்கள். மிக வறண்ட மாதத்தில் கிணறுகள் நாளொன்றுக்கு எவ்வளவு தருகின்றன என்று பாருங்கள்; பல இடங்களில் பயணிகள் குவிவதும் மழையில்லாத அந்த மாதங்களில்தான். 60,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஊரார் 500 பேருக்கு ஆளுக்கு 70 லிட்டர் வீதம் 35,000. கால்நடைக்கும் அவசரத்துக்கும் 5,000. மீதி 20,000. விடுதியில் தங்குபவருக்குக் குளியல், சலவை, சமையல் எல்லாம் சேர்த்து 200 லிட்டர் என்றால் 100 பேர், அதாவது 50 அறைகள். நீச்சல்குளம் வந்தால் இதுவும் குறையும். இந்த 50 ஊர் முழுமைக்கும். விடுதிகள் தனித்தனியே அனுமதி கேட்கும்போது ஒவ்வொன்றும் சிறியதாகவே தெரியும். கூட்டிப் பார்க்க ஆளிருக்காது. கணக்கு கைமீறிப் போவது இங்கேதான்.

அடுத்தது கழிவுநீர். கடற்கரை மணலில் கசிவுக்குழி தோண்டினால் அழுக்கு சரியாக வடிகட்டப்படாமல் நிலத்தடி நீரில் கலந்துவிடும். பிலிப்பைன்ஸின் போராகாய் தீவில் கழிவு கடலுக்கே போனது. 2018 ஏப்ரலில் அரசு தீவை ஆறு மாதம் மூடியது. திறக்கும்போது, ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இடையில் பிழைப்பை இழந்தவர்கள் படகோட்டிகளும் விடுதிப் பணியாளர்களும்.

மீண்டும் கூட்டம் கேளுங்கள். தண்ணீர் சுமக்கும் பெண்கள், மீனவர்கள், படகோட்டிகள் எல்லோரும் இருக்கட்டும்; மீனவர்கள் கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில் வைக்க விடாதீர்கள். கிணற்றின் உட்சுவரில் ஒரு கோடு போட்டு, நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் எத்தனை அறைகளை மூடுவது என்பதை அனுமதி நிபந்தனையிலேயே எழுதி வாங்குங்கள். வாராவாரம் அளந்து பதியும் ஏட்டை விடுதிக்காரரிடம் விடாதீர்கள், ஊரே வைத்துக்கொள்ளட்டும்.

மட்டத்தோடு உப்பையும் அளக்க வேண்டும். கரையோரம் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வரும். உப்பேறிய கிணறு ஒரு மழையில் தேறாது.