1948ஆம் ஆண்டுப் படம், திரையின் இருபுறமும் பட்டை: கோளாறா?

ஒரு சின்னத் திரையரங்கில் 1948ஆம் ஆண்டுப் படம் பார்த்தபோது திரையின் இருபுறமும் பட்டை தெரிந்தது, கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு இல்லை. அந்தச் சின்னத் திரையரங்கு படத்தைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. 1932இல் ஹாலிவுட் தரப்படுத்திய சட்டகத்தின் அகல-உயர விகிதம் 1.37:1, ஏறக்குறையச் சதுரம். இன்றைய திரைகள் 1.85:1 அல்லது அதைவிட அகலம். மிச்ச இடம் காலியாகத்தான் கிடக்கும்.

பட்டை சாம்பலாக ஒளிர்ந்தது என்கிறீர்களே, அது ஓரத்துக் கறுப்புச் சீலையை இழுத்து மூடாததால் இருக்கலாம். டிஜிட்டல் புரொஜெக்டர் முழுக் கறுப்பைத் தராது. கொஞ்சம் வெளிச்சம் கசியும். சோம்பல்தான், குற்றமில்லை.

அந்தக் காலப் படம் அகலத்திரை முழுவதையும் நிரப்பினால்தான் நான் சந்தேகப்படுவேன். அப்போது சுவர்க்கடிகாரமோ வண்டிச் சக்கரமோ வரும்வரை காத்திருங்கள். முட்டை வடிவில் தெரிந்தால் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். வட்டம் வட்டமாகவே இருந்து, நின்று பேசுபவரின் நெற்றியும் பெயர்ப்பட்டியலின் மேல்வரியும் அறுபட்டால், மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். உடனே எழுந்துபோய் ஊழியரிடம் சொல்லுங்கள். படம் முடிந்தபின் சொல்லிப் பயனில்லை.

ஒன்று மட்டும்: 1953க்குப் பிறகு அகலத்திரை பரவியதால், அதற்குப் பிந்தைய படங்களில் ஆண்டை மட்டும் வைத்துச் சட்டகத்தை முடிவுசெய்ய முடியாது.